ருக்மணி ஒட்டிய வரைபடம்

முதலில் ஒரு மன்னிப்பு. பள்ளியின் ஆண்டு மலருக்காக நீங்கள் என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. பள்ளியில் செய்த கலைவேலைகள் ஒரு மாணவியை எப்படி வளர்த்தன என்று, பட்டம் வாங்கிய பழைய மாணவி என்ற முறையில் இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அலுவலகத்தில் மனுக்களுக்குப் பதில் எழுதுவதோடு சரி. ஆனாலும் மறுக்கத் தயங்கி, சரி என்று ஓர் அஞ்சலட்டை போட்டேன். அதற்கு மறுநாள் என் வகுப்புத் தோழி ருக்மணி இறந்த செய்தி வந்தது. ஆகவே இது அவளைப் பற்றியதாகிவிட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கும் அவளைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

உடுமலைப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கூட்டுறவு அலுவலகத்துக்கு அப்பா அதுவரை வந்ததே இல்லை. அன்று காலை பதினோரு மணிக்கு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து போனேன். "சாப்டியா கண்ணு?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வா" என்றார். குடித்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் சொன்னார்.

"ருக்கு போயிட்டா கண்ணு. காமாலை. எட்டு நாளாக் கெடந்திருக்கறா. நமக்கு ஆரும் சொல்லுல."

அப்பாவோடு உடனே திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ருக்மணி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்பா இல்லாத வீடு. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இரண்டு வருஷம் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தானே அடம்பிடித்துத் திரும்பிப் பள்ளிக்கு வந்தாள். வகுப்பில் அவள்தான் உயரம். அவள் பேச்சு தாழ்வாரம் வரை கேட்கும். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து 'உள்ளேன்' சொன்னால் டீச்சர் இரண்டாம் முறை கூப்பிடுவார்.

ஒன்பதாம் வகுப்பில் டிராயிங் டீச்சர் எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். என் பக்கத்தில் ருக்மணியை உட்காரவைத்து, "பேசாதவளையும் பேச்சை நிறுத்தாதவளையும் ஒண்ணாப் போட்டாத்தான் என் கிளாஸ் நடக்கும்" என்றார். அவள் நோட்டை மேசையில் போட்டுவிட்டு என் காதருகே சொன்னாள்: "உனக்கும் சேத்து நா பேசிக்கறேன். எனக்கும் சேத்து நீ கணக்குப் போட்டுக்கோ."

எனக்கு வரைய வரும். ஆனால் எவ்வளவு பெரிய தாளைக் கொடுத்தாலும் கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வீட்டை வரைந்து முடித்துவிடுவேன். முதல் நாளே அவள் அதைப் பார்த்துவிட்டு, "மிச்சத் தாள ஒறம்பரைக்கு ஒதுக்கி வெச்சிருக்கியா புள்ள? எத்தன பேர் வர்றாங்க?" என்றாள். அவள் என் பென்சிலை வாங்கித் தாளின் மேல் மூலையில் ஒரு காக்கை வரைந்தாள். அது கோழி மாதிரி இருந்தது. அதைக் காக்கையாக்க நான் ஒரு மரம் வரைய வேண்டியதாயிற்று. மரத்துக்காக ஒரு வேலி, வேலிக்காக ஒரு பாதை. மணி அடிப்பதற்குள் தாள் நிறைந்துவிட்டது. கலைவேலைகளால் நான் வளர்ந்தேனா என்று கேட்டால், அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் முதலில் சொல்வேன்.

பத்தாம் வகுப்பில் மாவட்டக் கண்காட்சி வந்தது. நம் ஊரில் கிடைக்கும் பொருளில் ஏதாவது செய்யுங்கள் என்றார் டீச்சர். மற்றவர்கள் தேங்காய்த் தொட்டிக்கும் தீக்குச்சிக்கும் போனார்கள். ருக்மணி, "நம்மூர்ல மூட்டை மூட்டையாக் கெடைக்கறது கட்டிங் வேஸ்ட்டுதான்" என்றாள். பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள். அவற்றை ஒட்டி ஜில்லா வரைபடம் செய்வது அவள் யோசனை. எல்லைக் கோடும் ஊர்ப் பெயர்களும் என் பொறுப்பு. துணியெல்லாம் வெள்ளை. மஞ்சள், மருதாணி, செம்மண், சலவை நீலம் என்று அவள் வீட்டுக் கொல்லையில் நான்கு சட்டிகளில் சாயம் போட்டோம். மஞ்சளில் நனைத்த துண்டொன்று சலவைச் சோடாத் தண்ணீரில் விழுந்து சிவந்துபோனபோது, "ஐயோ, பாழாப்போச்சு" என்று நான் பதறினேன். அவளோ வேண்டுமென்றே இன்னொரு துண்டையும் அதில் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை, விடுமுறை நாட்களில் வழக்கம்போல, அவளுக்குக் கம்பெனியில் வேலை. நாளை வீணாக்க வேண்டாம் என்று நானே தனியாக எல்லாத் துண்டுகளையும் ஒட்டினேன். எங்கள் வீட்டில் கைத்தறி. பாவு நூல் தளர்ந்தால் புடவை பாழ். துணி என்றால் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரியும். ஒவ்வொரு துண்டையும் பலம் கொண்டமட்டும் இழுத்து, ஓரங்களில் பசை தடவி அழுத்தினேன். அன்று மாலை வரைபடம் தறியில் பூட்டிய புடவைபோல் விறைப்பாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பள்ளியில் டிராயிங் அறையைத் திறந்தால், துணியெல்லாம் சுருங்கி ஓரங்கள் சுருண்டு கிடந்தன. கீழே இருக்க வேண்டிய உடுமலைப்பேட்டை மேலே ஏறிப் பல்லடத்தில் நின்றது. பெண்கள் கூட்டமாக வந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் அழுதேன். ருக்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எதுக்கு அழுவறே? பஸ்ஸில்லாம உடுமலைப்பேட்டையப் பல்லடத்துக்குக் கொண்டாந்தவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

பிறகு சுருண்ட துண்டொன்றைப் பிய்த்து என் கையில் வைத்தாள். "தனம், உங்கூட்டுத் துணிக்கு எலும்பு இருக்குது. இதுக்கு எலும்பு கெடையாது. இழுத்தா வரும், உட்டா தன்ற எடத்துக்கே போயிரும். கம்பெனில புதுத்துணி வந்தா மேசை மேல விரிச்சுப் போட்டுருவாங்க. வந்தொடனே வெட்டப்படாது. ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சாத்தான் துணிக்குத் தன்ற அளவு தெரியும்."

அவள் சொன்னபடி துண்டுகளை நனைத்து, விரித்து, ஒரு நாள் தூங்கவிட்டோம். பிறகு இழுக்காமல் ஒட்டினோம். நான் பாழாக்கிய துண்டுகளையும் அவள் தூக்கிப் போடவில்லை. அவற்றை நாடா நாடாவாக வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்து ஒரு சுண்டு சுண்டினாள். ஒவ்வொரு நாடாவும் தானாகச் சுருண்டு கயிறுபோல் உருண்டது. நீலத்தில் தோய்த்த கயிறுகள் நொய்யலும் அமராவதியும் ஆயின. பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் தொட்டது அந்த ஆறுகளைத்தான்.

இனி எழுதப்போவது எனக்குக் கடினமானது. வரைபடத்தின் கீழே ஒட்டும் அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று கண்காட்சி விதி. டீச்சர் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, பேனாவைத் திறந்தபடி, "மேப் வரைஞ்சது நீதானே?" என்று கேட்டார். அன்று ருக்மணி பள்ளிக்கு வரவில்லை. வரைந்தது நான்தான். செய்தது அவள். இதை நான் சொல்லியிருக்க வேண்டும். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீச்சர் என் பெயரை எழுதினார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. என் மௌனத்தை அவர் எல்லோரையும் போல அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் பரிசு வந்தது. காலைக் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் பெயரைச் சொன்னாலே போதும். அதையும் சொல்லாமல் நின்றுவிட்டு இறங்கினேன். கடைசி வரிசையிலிருந்து முதலில் கை தட்டியது ருக்மணி.

வெளியே வந்ததும், "ஊமையாட்டம் நின்னியே புள்ள. ஒண்ணும் தோணுலீன்னா என்ற பேரையாவது சொல்லித் தொலச்சிருக்கலாமல்ல?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு அவளுடைய அம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போனதால், பள்ளி இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவள் கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் பி.யூ.சி.க்காகக் கோயமுத்தூர்க் கல்லூரிக்கு நேர்முகத்துக்குப் போனேன். எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. சான்றிதழ்களுக்கு நடுவே அந்தப் பரிசுச் சான்றிதழைப் பார்த்த முதல்வர், இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்நியர் முன்னால் தடையில்லாமல் பேசினேன். துணிக்கு எலும்பு இல்லை என்றேன். தூங்கி எழுந்தால்தான் அதற்குத் தன் அளவு தெரியும் என்றேன். அங்கே இருந்தவர்கள் வியந்துபோய்க் கேட்டார்கள். விடுதியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ருக்மணியுடையது.

கடைசியாக அவளைப் பார்த்தது போன ஆடி மாதத்தில், திருப்பூரில் காதர்பேட்டை பனியன் சந்தையில். இரண்டு கையிலும் பனியன் பெட்டிக் கட்டோடு எதிரே வந்தாள். "டிகிரி வாங்குனவங்கெல்லாம் வெயில்ல நடப்பாங்களா? குடை புடிக்க ஆளில்லீங்களா?" என்று சந்தைக்கே கேட்கச் சொன்னாள். ஒரு கட்டை நான் வாங்கிக்கொண்டேன். நடக்கும்போது, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சொன்னேன். அந்த வரைபடம் இன்னும் பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிறது, அதில் உன் பெயர் இல்லாதது எனக்குத் தினமும் உறுத்துகிறது, போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"இத்தன வருசமா இதயா சொமந்துட்டுத் திரியறே? எறக்கி வெய்யி" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபின், "சொல்றதுன்னா நா முன்னால உக்காந்திருக்கறப்பச் சொல்லு. உன்ற மொகம் போற போக்கப் பாக்கோணும். ஆண்டு விழாவுக்கு நா லீவு போட்டுட்டு வாறேன்" என்றாள். சரி என்றேன். அந்த விழாவுக்குத்தான் இந்த மலர்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து அவளுடைய அம்மாவைப் பார்க்கப் போனேன். அந்த அம்மாளுக்கு இப்போது யாரும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"பள்ளிக்கூடத்துல ருக்கு செஞ்ச மேப்ப மாட்டியிருக்காங்களாமா கண்ணு? எப்பப் பாத்தாலும் சொல்லிட்டே இருப்பா. நா ஒருக்காக்கூடப் பாத்ததில்ல. ஆண்டு விழாவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறேன்னா."

"மாட்டியிருக்குதுங்கம்மா" என்றேன்.

"கீழ அவ பேரு எழுதியிருக்குமா? எனக்குப் படிக்கத் தெரியாது. ஆராச்சும் படிச்சுச் சொன்னாக் கேட்டுக்குவேன்."

ஆசிரியர் அறையில் நின்றதுபோலவே அங்கேயும் நின்றேன்.  விழாவுக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு வந்துவிட்டேன். அன்று வீடு திரும்பியதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். கெட்டுப்போனதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை சுண்டிப் பார்க்கும் பழக்கம் மிஞ்சியிருக்கிறது. புதிதாக எதைக் கொடுத்தாலும் உடனே கத்தரியை எடுக்காமல் ஒரு நாள் பொறுக்கும் பழக்கமும் அவளுடையதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக அவள் கூப்பிடும் குரல். நடுத்தெருவில், பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ தனம்!" என்று என் பெயரை அவ்வளவு உரக்கக் கூப்பிட்டவர் வேறு யாரும் இல்லை. கூச்சமாக இருக்கும். ஆனால் அப்படிக் கேட்டபோதெல்லாம், எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று தோன்றும்.

கேட்க நினைத்ததை இதுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

அட்டையை மாற்றி எழுதிவிடுங்கள் என்று கேட்பது எளிது. நீங்களும் செய்துவிடுவீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். அவளுடைய அம்மா வந்து பார்க்கும்போது அந்த அட்டையில் இப்போது உள்ள பெயரே இருக்கட்டும். விழா நாளன்று அந்த அம்மாளை நான் கூட்டி வருகிறேன். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மேடையில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதையும் நானே அவருக்குச் சொல்ல வேண்டும், எல்லோர் முன்னிலையிலும். பேச்சு நடுவில் நின்றுபோனால் யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம், கை தட்டி அனுப்பிவிடவும் வேண்டாம். கொஞ்ச நேரம் காத்திருங்கள். சொல்லிவிடுவேன்.