சிந்தாமல் குடிக்கும் வித்தை

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் படிப்பில் எனக்கென்று ஒரே ஒரு பெருமை இருந்தது. அது கணக்கிலோ தமிழிலோ வந்ததல்ல. தண்ணீர் குடிப்பதில் வந்தது.

ஜீயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல்காட்டு ஊரிலிருந்து நாங்கள் திருச்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்திருந்தது. என்னைப் பக்கத்திலிருந்த ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார். எதையும் தொடாதே, இங்கேயிருந்தும் அனுப்பிவிட்டால் வேறு பள்ளிக்கூடம் கிடையாது என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர்ப் பள்ளியில் ஒரு நாள் தாகம் தாங்காமல் தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்துவிட்டேன். பெரிய ரகளையாகி, மறுநாளிலிருந்து அங்கே என்னை விடவில்லை. மூடியைத் திரும்ப ஒழுங்காக வைக்காததுதான் என் தப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியில் தண்ணீர் குடிக்க அப்பா எனக்கு ஒரு முறை பழக்கியிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழியாக்கி, வாயோடு ஒட்டிவைத்து, முதுகை வளைத்து நிற்க வேண்டும். ஊற்றுகிறவர் எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாலும் விரலிடுக்கில் ஒழுகக் கூடாது. போதும் என்றால் தலையை ஆட்ட வேண்டும். வாயைத் திறந்து சொன்னால் அத்தனையும் சட்டையில்தான். நான் அதில் கெட்டிக்காரன். ஊரில் பண்ணை வீட்டு அம்மாவே, "உம் புள்ள சொட்டு சிந்தாமக் குடிக்கிறான்டா" என்று அப்பாவிடம் சொன்னதுண்டு. அப்பா அதற்குச் சிரிக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

புதுப் பள்ளியில் தாழ்வாரத்து மூலையில் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு அலுமினிய டம்ளர். பிள்ளைகள் அவரவரே மோந்து, அண்ணாந்து குடிப்பார்கள். முதல் நாள் நான் பானையைத் தொடாமல் இரண்டு முழம் தள்ளிக் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். யாராவது வருவார்கள் அல்லவா? சந்தானம் வந்தான். எங்கள் வகுப்புதான், பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பையன். கொஞ்ச நேரம் என்னை வேடிக்கை பார்த்தான். பிறகு டம்ளரைத் தலைக்குமேல் தூக்கி ஊற்றினான். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை.

"எப்புட்றா?" என்றான்.

கூச்சக்காரனான எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்று மாலைக்குள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் மூன்றாம் வகுப்பு முழுவதும் கையேந்திக் குனிந்து நின்றது. யார் சிந்தாமல் குடிப்பது என்று பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கு நான்தான் நடுவர். ஊற்றுவது மட்டும் எப்போதும் மற்றவர்கள். தாழ்வாரம் ஈரமாகிறது என்று டீச்சர் திட்டினார், வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சந்தானத்தின் அம்மா வந்தார். பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே டீச்சரிடம் சொன்னார்.

"நாங்க டம்ளர் வித்துப் பொழைக்கிறவங்க டீச்சர். இவன் வீட்ல டம்ளர் வேணாங்கிறான். கையில ஊத்து, கையில ஊத்துன்னு குனிஞ்சு நிக்கிறான். வந்தவங்க முன்னாடி மானம் போவுது. எங்கேருந்து கத்துக்கிட்டான் இதை?"

டீச்சர் வகுப்பைப் பார்த்தார். நாற்பது விரல்கள் என்னைக் காட்டின. காட்டிக்கொடுக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை, பெருமையாகத்தான் காட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். இந்தப் பள்ளியும் போயிற்று என்று தோன்றியது.

அந்த அம்மா என் கையையும் சட்டையையும் பார்த்தார். "எந்தத் தெருப்பா நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "மூணாம் வகுப்புங்க" என்றார்.

"நான் தெருவக் கேட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க. மூணாம் வகுப்பு, ரெண்டாவது வரிசை. உங்க பையன் பக்கத்துல உக்காருறான்."

நாளைக்கு ஒரு முடிவு சொல்கிறேன் என்று மட்டும் அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்ததும் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். அடி விழும் என்று கையை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்காமல், வீட்டில் எப்படித் தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார்.

"வீட்ல சொம்புலதான் டீச்சர். வெளியிலதான் கையில."

அவர் கொஞ்ச நேரம் என் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூலு வெளி இல்லடா" என்றார். "போ. நீயே மோந்து குடி. இனிமே யாரும் கையில குடிக்கக் கூடாது."

போயிற்று என் பெருமை. அழுகை வந்தது. அழுதுகொண்டே மூடியைத் திறந்து மோந்து, அண்ணாந்து ஊற்றினேன். பழக்கமில்லாததால் பாதி மூக்கில் ஏறிப் புரையேறியது. வகுப்பே சிரித்தது. சந்தானம் என் தலையில் தட்டி, "மெதுவா சாய்டா, அவசரப்படாத" என்று டம்ளரை வாங்கி, தான் குடித்துக் காட்டினான்.

மாலையில் அப்பாவிடம் முறையிட்டேன். டீச்சர் கையில் குடிக்கக் கூடாது என்கிறார், நீங்கள் வந்து கேளுங்கள் என்றேன். கால் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பானையில யாரு மோந்தா?"

"நான்தான்."

"அப்புறம் அந்தத் தண்ணிய என்ன பண்ணாங்க?"

"என்ன பண்ணுவாங்க? எனக்கடுத்து சந்தானம் குடிச்சான்."

"டம்ளரக் கழுவுனானா?"

"இல்லப்பா."

முதலிலிருந்து சொல்லு என்றார். சொன்னேன். சாப்பிடும்போது மறுபடியும் ஒரு தடவை கேட்டார். எனக்காக நியாயம் கேட்கப்போகிறார் என்று நினைத்து, நானும் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் சந்தானம் வந்தான். கையில் பளபளவென்று ஒரு சின்னக் கூஜா. இதில்தான் குடிக்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுதான் அவர்கள் வீட்டு முடிவு. காலை இடைவேளையில் அந்தக் கூஜாவில் நாங்கள் வெட்டுக்கிளி பிடித்து அடைத்தோம். அதனால் மதியம் அவனும் பானைக்குத்தான் வர வேண்டியிருந்தது.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். மார்க்கெட் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு, தோளில் சாக்குத் துணியோடு வெளிச்சுவர் ஓரம் நின்றிருந்தார். டீச்சரைக் கேட்க வந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர் உள்ளே வரவில்லை. கூப்பிடவும் இல்லை. நான் மோந்து குடித்தேன். டம்ளரைச் சந்தானத்திடம் கொடுத்தேன். அவன் மோந்து குடித்து, அடுத்தவனிடம் கொடுத்தான். அப்பா அந்த டம்ளர் கைமாறிப் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை தீரும்வரை நின்றார். பிறகு தலைத்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் திரும்பி நடந்தார்.

ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போகிறாரே என்று அன்று முழுவதும் எனக்கு அவர்மேல் கோபம்.