லைன் கிணறு

யுத்தத்துக்கு ஆள் எடுக்க எடுக்க, போலீசுக்கு ஆள் கிடைக்காமல் போயிற்று. விழுப்புரத்தில் வெயிலில் நிறுத்தி என் மார்பை அளந்தவர், நாடா கொஞ்சம் தளர்ந்திருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் மிதித்த முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

திண்டிவனம் ஸ்டேஷனில் இருக்க வேண்டிய ஆளில் பாதிகூட இல்லை. சந்தைக்கு, ரயிலடிக்கு, கைதியோடு கோர்ட்டுக்கு என்று போய்விட்டால் வாசலில் பாரா நிற்க ஆள் தேட வேண்டும். நிலபுலம் உள்ள குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு பாய், மாதா கோயிலுக்குப் போகும் ஒரு வேதக்காரர். சேரியிலிருந்து வந்தவன் நான் மட்டும். ஸ்டேஷனில் எல்லோரும் காக்கிதான். குடும்பங்கள் இருந்த போலீஸ் லைனில் அப்படி இல்லை.

கெடாரிலிருந்து என் மனைவியை அழைத்து வந்த மறுநாள் காலை, கிணற்றுக்குப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

"ஏட்டம்மா கயித்த உருவிக்கினாங்க" என்றாள். "ஊருக்கே போயிடலாம். நம்ம கெணத்துல உப்புத் தண்ணிதான். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

"வேலை?"

"கூலிக்குப் போயிக்கினுதான இருந்தோம்."

அழவில்லை அவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரே ஏட்டையாவிடம் போய், வேலையை விடுகிறேன் என்றேன். கிணற்றடியில் தடுத்தது அவர் மனைவி என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு லைனுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

அங்கே பாய் வீட்டம்மா ஏற்கெனவே சண்டையில் இருந்தார். "ராட்டினம் சர்க்காரு போட்டது, ஏட்டம்மா. ஒங்க மாமியா வூட்டு சீதனமா?"

"நீ சும்மா இரு பாயம்மா. எங்க ஊர்ல தெரிஞ்சா என்னா பேசுவாங்க?"

ஏட்டையா குறுக்கிட்டார். "ஊருக்கு அப்பறம் பதில் சொல்லிக்கலாம். இந்தப் பொண்ணு போனா அவனும் போயிடுவான். பாரா யாரு நிக்கறது? நீ நிக்கிறியா, துப்பாக்கிய புடிச்சிக்கினு?"

"நிப்பாங்க" என்றார் பாய் வீட்டம்மா. "எந்தத் திருடன் கிட்ட வருவான்?"

ஏட்டம்மாவுக்கும் உதடு கொஞ்சம் நெளிந்தது. தன் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கயிறு ராட்டினத்திலேயே கிடந்தது.

ஏட்டையா மனசில் இருந்தது நியாயமா, ஆள் பற்றாக்குறையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

அன்று என் மனைவி வீட்டிலிருந்த குண்டான், சட்டி, லோட்டா எல்லாவற்றையும் நிரப்பினாள். "போதும், இனிமே எதுல ஊத்துவ?" என்றேன். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று யோசித்தாள்.

"பாய் வூட்டக்கா தொட்டி காலியா கீது. ரெண்டு கொடம் ஊத்திட்டு வந்துடறேன்" என்று மறுபடி கிணற்றுக்கு நடந்தாள்.