நிற்காமல் ஓடிய ஹீற்றர் ஃபான்

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. வீட்டுக்குள் காற்று இரைகிற சத்தம் நிற்கவேயில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸில் ஹீற்றர் இருப்பது நிலத்துக்குக் கீழே, பேஸ்மன்றில். வழக்கமாக அது கொஞ்சநேரம் சூடாக்கும், பிறகு ஃபானும் நின்று வீடு அமைதியாகிவிடும். அன்று ஃபான் ஓடிக்கொண்டே இருந்தது. தரையில் காற்று வருகிற துவாரத்தின் மேல் கையைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்காற்று.

ஹீற்றர் திருத்துகிறவருக்கு ஃபோன் எடுத்தேன். கடுங்குளிரில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமைக்கு முன் வர முடியாது என்றார். கணவர் ட்ரக் ஓட்டுகிறவர். அவருக்கு எடுத்தபோது, வினிப்பெக் போகும் வழியில் ஓரிடத்தில் நிறுத்திக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“தேர்மோஸ்டற்றிலை ஃபான் எதிலை கிடக்குது? ‘ஒன்’ எண்டு கிடந்தா நிக்காது. ‘ஓட்டோ’விலை விடும்.”

“ஓட்டோவிலைதான் கிடக்குது. முழுக்க ஓஃப் பண்ணியும் பாத்திட்டன். நிக்குதில்லை.”

“அப்ப பிழை கீழைதான். இறங்கிப் பாரும்.”

அதுவரை நான் ஹீற்றர் அறைக்குள் போனதெல்லாம் வெங்காய மூட்டை எடுக்கத்தான். பக்கத்துச் சுவரில் இருந்த ஸ்விட்ச்சை அணைத்து, சற்றுப் பொறுத்துத் திரும்பப் போட்டேன். நெருப்புப் பற்றியது, சூடும் வந்தது. சரியாகிவிட்டது என்று மேலே போய்த் தேநீர் ஊற்றினேன். குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் குளிர்காற்று.

ஹீற்றரின் மூடியில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே சிவப்பு லைற் விட்டுவிட்டு மின்னியது. மின்னும் விதத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்விட்ச்சை அணைத்து மூடியைக் கழற்றினேன். உள்பக்கத்தில் எந்த மின்னலுக்கு என்ன பொருள் என்று ஒட்டியிருந்தது. படம் பிடித்து அனுப்பினேன்.

“சூடு மிஞ்சிப்போச்செண்டு சொல்லுது,” என்றார் கணவர். “அப்பிடி மிஞ்சினா நெருப்பை நிப்பாட்டிப்போட்டு, ஆறட்டும் எண்டு ஃபானை மட்டும் ஓட விடும். ஃபானிலை பிழையில்லையப்பா. காத்துப் போய்வாற வழியிலை எங்கையோ அடைப்பு.”

ஃபில்டரை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஊத்தைதான். புதிதாக ஒன்று கிடந்தது, மாற்றி, மூடியைப் பூட்டி, ஸ்விட்ச்சைப் போட்டுப் பார்த்தேன். பயனில்லை. மேலே ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தேன். எல்லாத் துவாரங்களும் திறந்திருந்தன. ஹோலில் காற்றை உள்ளே இழுக்கிற கம்பித் தட்டியைச் சப்பாத்து அலுமாரி பாதி மறைத்திருந்தது. அதைத் தள்ளிவைத்தேன். இழுக்கிற பெரிய தட்டி பேஸ்மன்றில் இருந்தது. அங்கேதான் அன்ரி வாடகைக்குக் குடியிருந்தார்.

அன்ரி மன்னார்ப் பக்கத்தவர். கணவரை இழந்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத மனிதர். கதவைத் தட்டியதும் திறந்தார். குளிர்ச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார்.

“அன்ரி, குளிருதெண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே!”

“உங்களுக்கும் குளிருந்தானே பிள்ளை.”

காற்று இழுக்கிற தட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது. அடுப்புக்குப் பக்கத்துத் திரைச்சீலையை மெல்ல விலக்கினார். தட்டி முழுவதையும் தடித்த பிளாஸ்ரிக்கால் மூடி, நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் ரேப் ஒட்டியிருந்தது.

“நேத்து நான்தான் மூடினனான். மீன் காய்ச்சிற மணம் இதுக்குள்ளாலை மேலை வருதெல்லோ?”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குக் கேட்டது.” தட்டியைக் காட்டினார். “மேலை கதைக்கிறது இதுக்குள்ளாலை நல்லாக் கேக்கும். போன கிழமை உம்மடை அக்கா வந்தவ. வெள்ளிக்கிழமையும் வீடு மீன் மணக்குதெண்டு சொன்னவ.”

அக்கா வந்தது ஞாபகம் இருந்தது. நாங்கள் வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான். ஆனால் அக்கா அப்படிச் சொன்னதோ, நான் பதில் சொன்னதோ ஞாபகத்துக்கு வரவில்லை.

“அதுக்கு நான் என்ன சொன்னனான் அன்ரி?”

“தெரியாது பிள்ளை. மற்றவையின்ரை கதை கேக்கிறது சரியில்லையெண்டு றேடியோவைப் போட்டிட்டன்.”

அந்தத் தட்டி வழியாக அவர் வேறு என்னவெல்லாம் கேட்டிருப்பார் என்று ஒரு கணம் யோசித்தேன். கணவரோடு ஃபோனில் நான் போட்ட சண்டைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“வெள்ளிக்கிழமையிலை நாங்கள் இறைச்சி தொடமாட்டம்,” என்றார் அவர், ஏதோ விளக்கம் சொல்லவேண்டியவர்போல. “இப்ப தவக்காலம் வேறை. அதாலைதான் மீன்.”

“நாங்களும் வெள்ளிக்கிழமைக்காகத்தானே மரக்கறி,” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது.

இருவரும் சேர்ந்து ரேப்பை உரித்தோம். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார், கரண்டிக் காம்பால் நெம்பவேண்டி வந்தது. ஸ்விட்ச்சை அணைத்துத் திரும்பப் போட்டேன். நெருப்புப் பற்றியது. அவருடைய கட்டிலில் இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம். அறை மெல்லச் சூடேறியது. அவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு சட்டையையும். நெருப்பு அணைந்தது. ஃபான் இன்னும் கொஞ்சம் ஓடியது. பிறகு தானாக நின்றது.

“இனி நீங்கள் விரும்பினதைக் காய்ச்சுங்கோ,” என்றேன். “அக்கா ஏதும் சொன்னா நான் கதைக்கிறன்.”

“அவவை ஏசிப்போடாதையும், பாவம்.”

திருத்துகிறவருக்கு ஃபோன் எடுத்து, இனி வரவேண்டாம் என்று சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அன்ரி சூடை மீன் பொரித்தார். மணம் மேலே வரத்தான் செய்தது. குசினி ஜன்னலைச் சற்றுத் திறந்துவிட்டுப் பருப்பைத் தாளித்தேன். கணவர் திரும்பி வந்த பிறகு அன்ரியின் அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற ஹூட் ஒன்றைப் பூட்டி, குழாயை வெளியே விட்டார். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.