"கம்மி" என்று எழுதிய நோட்டு: ஆம்பூரிலிருந்து வேலூருக்கு

வேலூரில் லூபஸ் நோய்க்கான மருந்து ஆய்வு ஒன்றில் மகளைச் சேர்க்கலாமா என்று வாணியம்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டா, தெரியவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி சரோஜாவை அப்படி ஓர் ஆய்வுக்கு அழைத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். காலை ஆறு பத்து பஸ்ஸில் ஏறினால் ஏழே முக்காலுக்கு இறங்கலாம். வெயில் பட்டால் சரோஜாவுக்குக் கன்னம் சிவந்து மூட்டு வீங்கும். அதனால் போகும்போது இடப்பக்கம், மதியம் திரும்பும்போது வலப்பக்கம் உட்காருவோம். வழியில் தோல் பதனிடும் ஷெட்களின் வாடைக்காக ஜன்னலைச் சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆய்வுக்கென்று கொடுத்த நோட்டில் தினமும் வலியைக் குறிக்க வேண்டும்: இல்லை, கம்மி, ஜாஸ்தி. நான் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குக் கேட்பேன். "கம்மிதாங்க" என்பாள். நாற்பத்திரண்டு நாளும் "கம்மி" என்றே எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

ஆறாவது வாரப் பயணத்தில், நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் டிக்கெட்டை அவளிடம் நீட்டினார். விரல் மடங்கவில்லை, டிக்கெட் கீழே விழுந்தது. "இன்னாம்மா, டிக்கெட்டு அவ்ளோ வெயிட்டா?" என்று கண்டக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"கம்மின்னு சொன்னியே?" என்றேன்.

"நீங்க லீவு போடற அளவுக்கு இல்லன்னு அர்த்தம்."

மருந்து கேட்கவில்லை என்று தெரிந்தால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள், வைத்தியமும் நின்றுவிடும், நோய் பரவி அவள் சிறுநீரகம் போய்விடும் என்று பயந்தேன். நோட்டை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஆய்வை நடத்திய டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, திருத்தி எழுத ரப்பரை எடுத்தேன்.

"அழிக்காதீங்க சார். நடந்தத பக்கத்துல எழுதுங்க" என்றவர், சரோஜாவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வேற ஒருத்திக்கு இதே மருந்தக் கொடுப்போம். நீங்க கம்மின்னா, அவளுக்கும் கம்மின்னு நம்பிடுவோம்மா."

ரத்தம், சிறுநீர் சோதித்து மருந்து முறையை மாற்றினார்கள். மூன்று மாதத்தில் விரல் மடங்கியது. ஆய்விலிருந்து விலகினாலும் வைத்தியம் நிற்காது என்பதும் டாக்டரம்மாவிடம் பேசிய அன்றுதான் தெரிந்தது. நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், நீங்கள் கேட்டுவிடுங்கள். நோட்டை உங்கள் மகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

டாக்டரம்மாவைப் பார்த்துத் திரும்பிய அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நோட்டைச் சரோஜாவிடமே கொடுத்தேன். அவள் பென்சிலை இரண்டு கையாலும் பிடித்து ஒரே ஒரு சொல் எழுதினாள்: ஜாஸ்தி. எழுத்து கோணலாக இருந்தது. நான் திருத்தவில்லை.