படத்தில் அவன் கதவைத் திறந்தான்

திரையில் ஊர் எரியத் தொடங்கியதும் கொட்டகையின் தகரக் கூரை கடகடத்தது. அந்த அதிர்வு மரபெஞ்சு வழியாக என் முதுகில் ஏறிப் பல்லில் வந்து நின்றது. சுதந்திரம் வந்து ஆறேழு வருஷமாகியிருந்த மைசூரில் இங்கிலீஷ் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிதான். எங்கள் தெருப் பையன்கள் ஆறு பேர் போயிருந்தோம், ஆறு பேருக்கும் கதை முன்பே தெரியும்.

தெரிந்தது சம்பத்துவால். என் வகுப்பு, பக்கத்து வீடு, எங்களைப் போலவே மேல்கோட்டையிலிருந்து வந்த குடும்பம். அவன் அப்பா வாசகசாலையிலிருந்து கொண்டுவந்த, அட்டை போன, அந்தப் படத்துக்கு மூலமான பழைய ஆங்கில நாவலை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்துவிட்டு, மாலைதோறும் பள்ளி மதில்மேல் உட்கார்ந்து தமிழும் கன்னடமும் கலந்து சொல்வான். வேறு கிரகத்திலிருந்து இறங்கி வந்து மனிதர்களை எரிப்பவர்களுக்கு அவன் வைத்த பெயர் "மேல்காரங்க". சீமையில் நடந்த நாசத்தையெல்லாம் எங்களுக்காகச் சாமுண்டி மலையடிவாரத்துக்கு இழுத்துவந்துவிட்டான். மார்க்கெட்டில் மல்லிகைக் கூடைகள் கருகின, ஜட்காவில் பூட்டிய குதிரைகள் நின்ற இடத்திலேயே வெந்தன. இடத்தைத்தான் மாற்றுவான், நடந்ததை மாற்ற மாட்டான்.

நடந்ததில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு கதவு. நாயகன் நிலவறைக்குள் ஓடி ஒளிகிறான். பின்னாலேயே அவன் சிநேகிதன், முதுகில் தீயோடு, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு வருகிறான். நாயகன் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறான். நகங்கள் பலகையைச் சுரண்டுகின்றன, பிறகு சுரண்டவில்லை. இப்படி ஒருத்தன் செய்வானா என்று நான் சண்டைக்குப் போனேன். சம்பத்து புத்தகத்தைக் கொண்டுவந்து, விரலை வைத்து, வரி வரியாகக் காட்டினான். அந்தப் பக்கத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எங்களில் பெரியவன் பசவராஜு, மரக்கடைக்காரர் மகன். கதவுக் கதையை அவன் அடுத்த தெருப் பையன்களிடம் சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்தான். அவர்களும் அன்று முன்பெஞ்சில் இருந்தார்கள்.

படத்தில் நாயகன் கதவைத் திறந்தான். தீக்குள் பாய்ந்து சிநேகிதனைத் தோளில் தூக்கிவந்தான். கொட்டகையே விசிலடித்தது. முன்பெஞ்சு மட்டும் திரும்பிப் பசவராஜுவைப் பார்த்துச் சிரித்தது. எங்களில் சின்னவன், பாவம், சாமுண்டி மலை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

படம் விட்டதும் கொட்டகையின் பின்சந்தில் பசவராஜு சம்பத்துவைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினான்.

"ஒரு மாசமா சொன்னதெல்லாம் சுள்ளேனோ?" எங்கள் தெருவில் தமிழ்ப் பையனுக்கும் பொய் என்றால் "சுள்ளு"தான்.

"புக்குல மூடறான்," என்றான் சம்பத்து. உதடு கிழிந்திருந்தது. "அவனக் கேளு. பாத்திருக்கான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். பசவராஜுவின் கை அடுத்து என் சட்டைக்கு வரும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. நான் எதையும் பார்க்கவில்லை என்றேன்.

"அப்போ ஒன்னயும்தானே ஏமாத்திருக்கான். நீயும் ஒண்ணு போடு."

போட்டேன். குவிந்த உள்ளங்கை இடது காதில் விழுந்தது. அன்று விழுந்த அடிகளிலேயே அதுதான் பலமானது. பயந்தவனுக்கு அளவு தெரியாது. சம்பத்து மடங்கி உட்கார்ந்த பிறகும் மற்றவர்கள் உதைத்தார்கள். காதிலிருந்து கழுத்துவரை மெல்லியதாக ஒரு ரத்தக்கோடு இறங்கியது. அதற்குப் பிறகு அவன் மதில் ஏறவில்லை, யாருக்கும் கதை சொல்லவில்லை.

இப்போது நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். நாவலை முழுக்கப் படித்துவிட்டேன், இரண்டு முறை. கதவைத் திறந்த இடத்தில் படம் கோழையாகிவிட்டது என்று பத்துப் பக்கம் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். பள்ளி மதிலை இடித்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள், அதன்மேல் யாரும் உட்கார முடியாது. அதே படம் போன மாதம் திரும்ப வந்தது, இந்த முறை தினசரிக் காட்சியாக. கொட்டகை வாசலில், தபாலாபீஸ் வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த சம்பத்துவை நிறுத்தினேன்.

"புக்குல மூடறான்டா," என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பி, வலது பக்கத்தைக் காட்டி நின்றான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, உரக்க மறுபடி சொன்னேன்: "நீ சொன்னதுதான் சரி. புக்குல மூடறான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமேடா," என்றான் சம்பத்து. "ஒனக்கும் தெரியும்."