விசுவமடுவில் நின்ற பஸ்

அனோஜாவின் வீடு விசுவமடுவில். படிக்கும் பல்கலைக்கழக வளாகமும் தங்கும் விடுதியும் கிளிநொச்சியில். கூப்பிடு தூரம்தானே என்று ஊரே சொல்லும். அந்தக் கூப்பிடு தூரம்தான் அவளுக்கு வினையாய்ப் போனது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அம்மா கமலேஸ்வரி வாசல் படலையைப் பார்த்தபடி நிற்பாள்.

மாத்தறையிலும் திருகோணமலையிலும் இருந்து வந்த பிள்ளைகளுக்கு அப்படி ஓட வீடு பக்கத்தில் இல்லை. சனி ஞாயிறுகளில் இரணைமடுக் குளக்கட்டில் நடந்தார்கள், கொத்து ரொட்டிக் கடையில் கூடினார்கள், இரண்டு மாதத்தில் ஒட்டி உறவாகிவிட்டார்கள். திங்கட்கிழமை அவர்கள் சிரிக்கும் பகிடி அனோஜாவுக்கு விளங்காது. முதலில் "நீயும் வாவன்" என்றவர்கள் பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஒரு கிழமை அங்கேயே நிற்கிறேன் என்று அம்மாவிடம் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தாள். அந்த முகத்தைக் கண்டால் சொல் வராது. சொந்த ஊரிலேயே அந்நியமாகிப் போவதற்கும் ஒரு ராசி வேண்டும்!

ஒரு ஞாயிறு காலை தாயும் மகளும் சந்திக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு நிற்க, பாட்டும் மேளமுமாக ஒரு பஸ் வந்து நின்றது. சோடா வாங்க இறங்கியவர்கள் அவளோடு ஒரே வருடத்தில் படிக்கும் பட்ச் பிள்ளைகள். முல்லைத்தீவுக் கடலுக்குப் போகிறார்களாம்.

வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்து படிக்கும் சிவரூபி திகைத்துப்போனாள். "நீ வீட்டை போயிடுவாய் எண்டுதான்... சொல்லேல்லையடி."

கமலேஸ்வரிக்கோ வாயெல்லாம் பல். "பிள்ளையின்ர கூட்டாளிகளே? என்ர வாசலாலை சாப்பிடாமல் போறதோ? வாங்கோ எல்லாரும்!"

"நேரம் போட்டுது அம்மா. வரேக்க கட்டாயம் வாறம்," என்ற சிவரூபி, பஸ்ஸில் ஏறும்போது அனோஜாவின் காதுக்குள் சொன்னாள். "குறை நினைக்காதை. திரும்பேக்க மாங்குளத்தாலை போறம்."

மாங்குளம் றோட்டு விசுவமடுப் பக்கமே வராது. பஸ் புறப்பட்டது. நீயும் ஏறு என்று ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மா வளவுக்குள் சேவலைத் துரத்திப் பிடித்தாள். விசேடத்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய பானையை இறக்கினாள். "இந்தப் பிள்ளை ஒருத்தரோடையும் சேராதோ எண்டு நான் பயந்துகொண்டிருந்தனான். பார், உனக்கு எவ்வளவு சனம்!"

அனோஜா தேங்காயை எடுத்து உடைத்தாள்.

"எத்தினை பேர் பிள்ளை, அரிசி போட?"

அனோஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"முப்பது பேர் வருவினம் அம்மா," என்று சொல்லிவிட்டுத் தேங்காய் திருவ உட்கார்ந்தாள்.