இடது பக்கம் உட்கார்ந்தவள்

“உனக்குக் கை படியாதுடி. படிக்க மட்டும்தான் வரும். அதுவும் முடிக்கிறியான்னு பாக்கலாம்.”

அக்கா இதைச் சொன்னபோது தறியில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அன்று கல்லூரியில் எனக்கு முதல் நாள். அவள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

எங்கள் ஊரில் கை படிவது என்றால் தொழில் கைக்குள் வந்து உட்காருவது. எவ்வளவு இழுத்தால் நூல் அறும் என்பது யோசிக்காமலே விரலுக்குத் தெரிவது. படிப்பது வேறு, படிவது வேறு. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் முதலாவதைச் சொல்லும்போது பேச்சில் கொஞ்சம் மரியாதை இருக்கும். இரண்டாவதைச் சொல்லும்போது குரலே இறங்கிவிடும், கோயிலுக்குள் பேசுவதுபோல.

எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா ரேஷன் கடையில் கட்டைவிரல் வைக்கிறாள். அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். நான் பி.காம். முடித்தேன், ஒரு பேப்பர்கூட நிற்காமல். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு, வாசலில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல, கோர்வை என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நூலில் நெய்துகொண்டே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவார்கள். அதற்கு நூலைக் குறுக்கே ஓட்டும் நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒருத்தருடைய இரண்டு கை அதற்குப் போதாது. நெய்கிறவர் நடுவில் உட்காருவார். இடது கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏழாவது படிக்கும்போதிலிருந்து பன்னிரண்டாவது முடியும்வரை, அக்காவுக்கு இடது பக்கம் உட்கார்ந்தவள் நான். மடியில் பாடப்புத்தகம் இருக்கும். ஒரு வரி படிப்பேன், ஒரு நாடா தள்ளுவேன். இரண்டில் ஒன்று தப்பும். எது தப்பினாலும் தலையில் குட்டு விழும்.

கல்லூரியில் சேர்ந்ததும் அந்த இடத்தைவிட்டு எழுந்தேன். அக்காவுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கண் சரியில்லை. கொஞ்ச நாள் அவள் கோர்வை இல்லாத சாதாரணப் புடவையாகப் போட்டாள். பிறகு என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்தபோது மூன்று நாடாவையும் அவளே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காலை இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள்ளிருந்து பாதி எழுந்து, இடது பக்கம் முழுக்கச் சாய்ந்து, கோத்துவிட்டு, திரும்ப உட்கார்ந்தாள். எழுந்தாள், சாய்ந்தாள், உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, “சோறு மூடி வச்சிருக்குது, போட்டுக்கோ” என்றாள். இனி நீ வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அப்படிக் கேட்டது.

போன வருடம் அவள் ஒண்டியாகப் போட்ட ஒரு முகூர்த்தப் புடவை, அரக்கு உடல், மயில்கழுத்து நிறக் கரை, பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனது. புடவையைப் பிரித்துப் பார்த்த அந்த மணப்பெண், இதை நெய்த ஆளைப் பார்க்கவேண்டும் என்று கடைக்காரரிடம் அடம் பிடித்து, கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பெருமாள் கோயில் உற்சவத்துக்காகத் தெருவை அடைத்திருந்தார்கள். காரை எங்கேயோ விட்டுவிட்டு வெயிலில் நடந்தே வந்தாள். வந்தவள் என் பட்டத்தைக் கவனிக்கவில்லை. நேராக அக்காவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொண்டுவந்த புடவையைப் பிரித்துப் பிடித்து, இருவரும் தறியோரம் நிற்க ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். என் போனில் எடுத்தது நான்.

அந்தப் போட்டோவைக் கடைக்காரர் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் நான் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், என் ஆணியில் அது தொங்குகிறது. என்னைத் தேடினேன். மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“அங்கயும் நல்லாத்தாம்மா இருக்குது. ரீடிங் எடுக்க வர்றவரு பாப்பாரில்ல” என்றாள் அம்மா. கிண்டல் இல்லை. அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாள்.

எதிர்வீட்டு அத்தை முசரவாக்கத்திலிருந்து வரும் தன் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துவந்து அந்தப் போட்டோவைக் காட்டுவாள். காட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “நீ இன்னாமா, இன்னும் வேலை எதுவும் ஆவலயா?” என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதே வரிசை. முதலில் போட்டோ, பிறகு நான்.

நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் மணப்பெண்ணுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தோம். கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. உங்கள் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் என்று ஆரம்பித்து, மேடையில் இருந்த நேரம் முழுக்க எல்லாரும் புடவையைத்தான் கேட்டார்கள், கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் தட்டுப்படவே இல்லை, என் பாட்டி காலத்துப் புடவையில்கூட இப்படி இல்லை, அவர்களுக்கு என் வணக்கம் என்று முடிந்திருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன். அக்கா நாலடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “யாரு மெசேஜி?” என்றாள். “காலேஜ் குரூப்பு” என்றேன்.

படிக்கத் தெரிந்த ஒருத்தி வீட்டில் இருப்பதால் இப்படியும் ஒரு வசதி.

இரண்டு மாதம் கழித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு நேர்முகம் வந்தது. போகும் முன்பே தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். இந்த வேலை கிடைத்தால் அந்த ஆணி திரும்ப எனக்கு வரும் என்று நினைத்தேன். சிரிப்பாக இருக்கலாம். சம்பளத்தைவிட அந்த ஆணிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். கடைசிக் கேள்வி: உங்கள் வாழ்க்கையில் நீங்கள் மிகவும் பெருமைப்படும் சாதனை எது? எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘என் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்’ என்று அழகாக எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அதையே எழுதியிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என்ன எழுதுவது என்று தெரியாமல் இவளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளும் முதல் பட்டதாரிதான்.

உள்ளே ஒரு மேடம். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் உட்காரும்போது போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பின்தெருவில் நெசவுக்காரர்கள் பேசும் அதே தெலுங்கு. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

படிவத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார், “நல்ல விஷயம்மா. ஆனா காலையில இருந்து நீங்க ஆறாவது முதல் பட்டதாரி. இதை விட்டுட்டு வேற ஏதாவது சொல்லுங்களேன்.”

நான் உயிரோடு வைத்திருந்த ஒரே பெருமையை மேடம் இப்படிக் குச்சி ஐஸ் மாதிரி எண்ணிவிட்டார். வேறு என்ன இருக்கிறது என்று மனதைத் துழாவினேன். எதுவும் கையில் படவில்லை. கிடைத்தது அக்காவுடையதுதான்.

“நான் கோர்வைப் புடவை நெய்வேன் மேடம்” என்றேன்.

அவர் முகம் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, அக்காவைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் போதவில்லை, இன்னும் வேண்டும்போல இருந்தது. போனை எடுத்து, அரக்குப் புடவையின் படத்தைக் காட்டினேன். அக்கா தெரியாதபடி பெரிதாக்கிக் காட்டினேன். கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் தட்டுப்படவே தட்டுப்படாது மேடம் என்றேன். மணப்பெண் எழுதிய வரிதான். நாக்கு கூசவில்லை.

மேடம் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், “கோர்வைக்கு ரெண்டு பேரு வேணுமே. இடது பக்கம் யாரு உக்காந்தது?”

“நான்தான் மேடம்.”

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. ஆறு வருடம் கேட்ட கேள்வி அது. பள்ளிக்கூடத்துக்கு ஏன் லேட்டு, கையில் ஏன் சாயம், இடது பக்கம் யாரு உக்காருறது? எல்லாவற்றுக்கும், இடது பக்கம் உட்காருவது நான்தான் என்ற ஒரே பதிலைச் சொல்லிப் பழகியிருந்தேன். நெய்கிறவள் யாரும் அப்படிச் சொல்லமாட்டாள். அவள் இடம் நடுவில்.

“அப்ப நெய்ஞ்சது யாரு?”

“எங்க அக்கா.”

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. போனை மெதுவாக என் பக்கம் நகர்த்திவிட்டு, பி.காம். பற்றி இரண்டு கேள்வி கேட்டார். சொன்னேன். தகவல் சொல்கிறோம் என்றார். வெளியே வந்தபோது, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதிய அந்தப் பெண், “ஈசியாத்தான் கேட்டாங்களாக்கா?” என்றாள். தலையாட்டினேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து தகவல் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் தளர்ந்துவிடும், தறி ஓட்ட முடியாது. அக்கா வேலையில்லாமல் தறிமேடையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி எழுந்து பாதி உட்கார்ந்து அவளுக்கு வலது முட்டி வீங்கியிருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை. நான் கவனித்ததில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காதவற்றை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்து அந்த மெசேஜைத் தேடி, தமிழில் மாற்றிப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. ‘அவர்களுக்கு என் வணக்கம்’ என்ற கடைசி வரிவரை சொன்னேன்.

“எப்ப வந்துது?” என்றாள்.

“ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரகடத்தில் நடந்ததையும் சொன்னேன். இடது பக்கம் நான்தான் என்று சொல்லி மாட்டிக்கொண்ட இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்தப் புடவைக்கு நீ உக்காரவே இல்லயேடி. நீ உக்காந்த புடவயக் காட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இடது கரை பூரா சுருங்கிக்கினு இருக்கும். புக்க பாத்துக்கினே தள்ளுனா வேற இன்னா வரும்?”

“அப்ப புக்க மூடி வைன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ படிக்க மாட்ட.”

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து நொண்டியபடியே போய் டீ போட்டாள். மெசேஜை ஏன் மறைத்தாய் என்று அவள் கேட்கவில்லை என்பது ரொம்ப நேரம் என்னை உறுத்தியது. கோபப்பட்டிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். சாயந்திரம் அம்மா கடையிலிருந்து வந்ததும், “ம்மா, அந்தப் பொண்ணு இன்னா எழுதிக்கினு இருக்குது தெரியுமா” என்று என் போனை வாங்கி, தன்னால் எழுத்துக் கூட்ட முடியாத அந்த ஆங்கிலத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு, நான் சொன்னதை முழுதாக, ஒரு வார்த்தை பிசகாமல் திரும்பச் சொன்னாள். ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தாள். எனக்கு ஒரு பாடத்தை அப்படிச் சொல்ல வராது. அதற்கும் பொறாமையாக இருந்தது.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். இன்றைக்கும் வீட்டுக்குள் நுழையும்போது அந்த ஆணியைத்தான் முதலில் பார்க்கிறேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். நான் மீட்டர் பெட்டியோரம் இருக்கிறேன்.

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். இந்த முறை படிவம் போனிலேயே வந்தது. அதே கேள்வி, அதே வார்த்தைகள். ஒரு இடத்தில் எழுதி எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்போல. அக்கா தறியில் இருந்தாள். எழுந்தாள், சாய்ந்தாள், உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதினேன்: ‘ஏழாம் வகுப்பிலிருந்து ஆறு வருடம், என் அக்கா நெய்த கோர்வைப் புடவைகளுக்கு இடது கரை நாடா தள்ளினேன். சரியாகத் தள்ளவில்லை. மடியில் புத்தகம் இருந்தது. அந்தப் புத்தகங்களை முடித்தேன்.’

அக்காவிடம் படித்துக் காட்டவில்லை. அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.